தீக்காயம்: குழாயை மூட அவசரப்படாதீர்கள்

சேலத்தில் முதலுதவி வகுப்பு எடுக்கிறேன். அதற்கு முன்பு தீக்காயத்துக்கு டிரெஸ்ஸிங் செய்யும் அறையில் நீண்ட காலம் வேலை பார்த்தவள். புதிதாக வரும் பிள்ளைகள், நாங்கள் தொழில் பழகிய காலத்தில் செய்த அதே தவறுகளைச் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். பற்பசை, பேனா மை, தோசை மாவு எதையும் பூசக் கூடாது என்பது தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன். விஷயம் தெரிந்தவர்களே சறுக்கும் இடங்கள் இவை.

தண்ணீரைச் சீக்கிரம் நிறுத்துவது

இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருவது இதற்குத்தான். ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும் என்று எல்லோரும் நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள், ஆனால் ஒத்திகை பார்த்தால் இரண்டு நிமிடத்தில் குழாயை மூடிவிட்டு "அக்கா, கட்டுப் போடலாமா?" என்று கேட்கிறார்கள். எரிச்சல் கொஞ்சம் அடங்கினால் வேலை முடிந்தது என்ற நினைப்பு. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் கொஞ்ச நேரம் கருக்கிக்கொண்டிருப்பது போல, தோலுக்குள் தங்கிய சூடும் கீழே கீழே இறங்கிச் சுட்டுக்கொண்டுதான் இருக்கும். மேலோடு நின்று தானாக ஆறியிருக்க வேண்டிய காயம் அதனால் ஆழமாகி, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுகிற அளவுக்குப் போய்விடுகிறது.

ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் லைன் வீட்டில், குளிக்க வைத்த வெந்நீர் ஒரு சிறுமியின் கையில் கொட்டிவிட்டது. இரண்டு சொம்புத் தண்ணீர் ஊற்றி, ஈரத்துண்டைச் சுற்றி, ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி எங்களிடம் வந்தபோது அந்தத் துண்டைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுவென்று இருந்தது. உடம்புச் சூட்டை வாங்கிக்கொண்ட துண்டு அதற்கு மேல் எதையும் குளிர்விக்காது. போதாக்குறைக்கு, புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பையன் "இனிமே தண்ணி ஊத்தி என்ன ஆகப்போகுது" என்று களிம்பை எடுக்கப் போனான். காயம் பட்டு மூன்று மணி நேரம் வரைக்கும் தண்ணீர் பலன் தரும், அதனால் அங்கேயே குழாயடியில் கையைப் பிடித்தோம். அப்படியும் முழங்கைப் பக்கம் தோல் ஒட்ட வேண்டி வந்தது. ஜீப்பில் ஏற்றும் முன் அந்த 20 நிமிடத்தை வீட்டிலேயே கொடுத்திருந்தால் என்று இப்போதும் மனசு கேட்கிறது.

குழாயில் தண்ணீர் வராத வீட்டில் வாளியும் சொம்பும் போதும், விடாமல் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். ஐஸ் வேண்டாம், இரத்தக் குழாய் சுருங்கிக் காயம் இன்னும் ஆழமாகும். மலையில் குளிர்கிறதே என்று பயந்து நிறுத்தாதீர்கள், காயத்தில் மட்டும் தண்ணீர் படட்டும், மற்ற உடம்பைப் போர்வையால் மூடுங்கள். குழந்தை நடுங்க ஆரம்பித்தால் மட்டும் நிறுத்துங்கள். பெரிய காயம் என்றால் ஒருவர் 108-ஐ அழைக்க, இன்னொருவர் வண்டி வரும் வரை ஊற்றட்டும். அப்புறம் சுத்தமான பருத்தித் துணியால் தளர்வாக மூடினால் போதும்.

வளையல், மோதிரம், மெட்டி

வீங்குவதற்கு முன் கழற்றுங்கள்.

கொப்புளம்

உடைக்காதீர்கள்.

ஆசிட்டுக்கு சோடா உப்பு

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறை வேலைக்குப் போகிறவர்கள் வகுப்புக்கு வந்தால் இதைத் தவறாமல் சொல்வேன். ஆசிட் தெறித்த இடத்தில் சோடா உப்பைத் தேய்த்தால் இரண்டும் சேர்ந்து சூடு கிளம்பும், இருக்கிற காயத்தோடு இன்னொரு காயம். நனைந்த சட்டையைக் கழற்றிக்கொண்டே நிறையத் தண்ணீர், 20 நிமிடத்துக்கும் மேலாகவே. கண்ணில் பட்டால் அந்தக் கண் கீழே இருக்கும்படி தலையைச் சாய்த்து ஊற்றுங்கள், இல்லாவிட்டால் நல்ல கண்ணுக்கும் ஆசிட் வழியும்.

"வலிக்கவில்லை, அதனால் பரவாயில்லை"

வெளுத்தோ கருகியோ இருந்து வலி இல்லை என்றால் நரம்பு வரை வெந்துவிட்டது என்று அர்த்தம். கத்துகிறவரை விட இவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கரண்ட் அடித்தவருக்கும் அப்படித்தான், வெளியே பொட்டு அளவு தழும்பு, உள்ளே தசையும் இதயத் துடிப்பும் பாதித்திருக்கலாம். நன்றாகப் பேசினாலும் ஈசிஜி எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

எத்தனை மணிக்குப் பட்டது?

கூட வந்தவர்களிடம் கேட்டால் ஒருவர் ஆறு என்பார், இன்னொருவர் ஏழு என்பார். பெரிய காயத்துக்கு டிரிப் கணக்கு அந்த நேரத்தை வைத்துத்தான் தொடங்குகிறது: எடை கிலோவில், வெந்த பரப்பு சதவீதத்தில், இரண்டையும் பெருக்கி அதை 4-ஆல் பெருக்கினால் முதல் 24 மணி நேரத்துக்கு எத்தனை மில்லி என்று வரும். 60 கிலோ ஆளுக்கு 20 சதவீதம் வெந்திருந்தால் 4,800 மில்லி. அதில் பாதி, காயம் பட்டதிலிருந்து 8 மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். ஆறு மணிக்குப் பட்டு எட்டு மணிக்கு வந்தவருக்கு மீதி ஆறு மணி நேரம்தான். அதனால் தண்ணீர் ஊற்றத் தொடங்கும்போதே மணியைப் பார்த்து போனில் குறித்துக்கொள்ளுங்கள், வாசலில் முதலில் வரும் நர்ஸிடம் அதைக் காட்டுங்கள்.