சிறு கட்சியின் வரி, நலத்திட்ட வாக்குறுதிகளை விவாதிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வியாசர்பாடியில் எங்கள் தெருப் படிப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஏதாவது ஒரு கட்சியின் தேர்தல் அறிக்கையை எடுத்து, அதில் வரி பற்றியும் நலத்திட்டம் பற்றியும் உள்ள பக்கங்களை மட்டும் வரிவரியாகப் படித்து விவாதிப்பது பல ஆண்டுகளாக எங்கள் வழக்கம். பெரிய கட்சிகளின் அறிக்கை என்றால் கூடம் நிறைந்துவிடும். சிறு கட்சி ஒன்றின் அறிக்கையைக் கையில் எடுத்த மாலையில், கேரம் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர், "டெபாசிட்டே வாங்காத கட்சிக்கு எதுக்குண்ணே இவ்ளோ கணக்கு?" என்று கேட்டார். கேட்டதில் தவறில்லை. ஆனால் அந்தக் கேள்வியோடு விவாதத்தை முடித்துவிடுவதுதான் நான் மிக அதிகமாகக் காணும் தவறு.

வைப்புத்தொகையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வேட்பாளர் பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெற வேண்டும். அது வாக்குகளைப் பற்றிய கணக்கேயன்றிக் கொள்கையின் தரத்தைப் பற்றிய கணக்கு அன்று. ஒருபோதும் தனித்து ஆட்சி அமைக்காத பாட்டாளி மக்கள் கட்சி, ஆட்சியில் இருந்தால் தான் போடும் வரவுசெலவுத் திட்டம் இப்படி இருக்கும் என்று காட்டும் நிழல் நிதிநிலை அறிக்கையை ஆண்டுதோறும் வெளியிட்டு வந்திருக்கிறது. அக்கட்சி நெடுங்காலம் வலியுறுத்திய மதுவிலக்கு, 2016 சட்டமன்றத் தேர்தலின்போது இரு பெரிய திராவிடக் கட்சிகளின் வாக்குறுதிகளிலும் வெவ்வேறு வடிவில் இடம்பெற்றது. ஆகவே சிறு கட்சியின் பக்கங்களில் இன்று அச்சாகியிருப்பதை நாளை வேறொரு சின்னத்தின் கீழ் நாம் சந்திக்கக்கூடும் என்பதால், அதைச் சோதித்துப் பார்க்கும் உழைப்பு வீணாவதில்லை.

அடுத்த தவறு, எந்த வரி யார் கையில் இருக்கிறது என்று பாராமல் விவாதத்தைத் தொடங்குவது. சட்டமன்றத் தேர்தலில் நிற்கும் ஒரு கட்சி வருமான வரி வரம்பை உயர்த்துவதாகவோ, பெரும் செல்வந்தர்கள் மீது சொத்து மதிப்பு வரி விதிப்பதாகவோ சொன்னால், அது நல்லதா கெட்டதா என்பதற்கு முன்பே, அந்த அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உரியது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒன்றிய அரசு வசூலித்து வந்த செல்வ வரி 2015 நிதிநிலை அறிக்கையில் கைவிடப்பட்டது. அதை மீட்பதென்றாலும் தில்லியில்தான் மீட்க முடியும். வேளாண் வருமானத்தின் மீது வரி விதிக்கும் அதிகாரமோ மாநிலத்திடம் இருக்கிறது. ஜிஎஸ்டி இரண்டுக்கும் இடைப்பட்டது. அதன் விகிதங்களை ஜிஎஸ்டி மன்றம் முடிவு செய்கிறது. அங்கே ஒன்றிய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடையும், மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து மூன்றில் இரு பங்கு எடையும் உண்டு. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு எடை வேண்டும் என்பதால், எந்த ஒரு மாநில அரசும் தனியாக ஒரு பொருளின் விகிதத்தைக் குறைத்துவிட முடியாது. பெட்ரோல், டீசல், மது மீதான மாநில வரி, முத்திரைத் தீர்வை, வாகன வரி ஆகியவற்றில்தான் கோட்டையில் இருக்கும் மாநில அரசுக்கு உண்மையான அதிகாரம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு பெட்ரோல் மீதான வரியில் லிட்டருக்கு 3 ரூபாயைக் குறைக்க முடிந்தது அதனால்தான்.

தொழில் வரி இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. ரிப்பன் மாளிகையில் இயங்கும் சென்னை மாநகராட்சி வசூலிக்கும் இந்த வரியை உயர் வருவாய்க்காரர்களிடம் பன்மடங்காக உயர்த்தி அந்தப் பணத்தில் வடசென்னைக்கு மருத்துவமனை கட்டுவோம் என்று யாராவது சொன்னால், கேட்க இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு நபரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 276ஆவது பிரிவே தடுக்கிறது. இதைச் சுட்டிக்காட்டுவது அக்கட்சியை அவமதிப்பது ஆகாது. மாறாக, "இந்த நோக்கத்துக்கு வேறு எந்த வரியைப் பயன்படுத்துவீர்கள்?" என்ற பயனுள்ள கேள்விக்கு அது வழி திறக்கிறது.

என்னை மிகவும் வருத்தும் தவறு ஒன்று உண்டு. நலத்திட்டம் என்றதும், "வரி கட்டுறவன் காசுல இவங்களுக்குக் கொடுக்கணுமா?" என்று கேட்பவர்கள், வரி கட்டுபவரும் திட்டத்தைப் பெறுபவரும் இரு வேறு மனிதர்கள் என்று எண்ணிக்கொள்கிறார்கள். காசிமேட்டில் விடியற்காலையில் மீன் ஏலம் எடுத்துக் கூடையில் சுமந்து விற்கும் பெண் வருமான வரி கட்டுவதில்லை. ஆனால் அவர் கைப்பேசிக்கு ரீசார்ஜ் செய்யும் ஒவ்வொரு முறையும் 18 சதவீத ஜிஎஸ்டி அதில் அடங்கியிருக்கிறது. சோப்புக்கும் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க்கும் 2025 செப்டம்பர் 21 வரை அதே 18 சதவீதத்தையும், அதன்பின் 5 சதவீதத்தையும் அவர் செலுத்துகிறார். கூடைகளை ஏற்றிவரும் ஆட்டோவின் வாடகைக்குள் எரிபொருள் வரி ஒளிந்திருக்கிறது. 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவர்கள் வருமான வரி கட்ட வேண்டியதில்லை என்பதால், நடுத்தர வகுப்பினரில் பெரும்பாலோரும் இந்த மீன்காரம்மாவைப் போலவே மறைமுக வரி கட்டுபவர்களாகத்தான் இருக்கிறார்கள். வருமானத்தில் என்ன பங்கு வரியாகப் போகிறது என்று பார்த்தால், கையில் வருவதை முழுவதும் செலவழித்தே தீர வேண்டிய குடும்பத்துக்குத்தான் மறைமுக வரியின் சுமை கூடுதல். இதை மனத்தில் வைக்காமல் ஒரு கட்சியின் உதவித்தொகைத் திட்டத்தை எடைபோட்டால், தராசின் ஒரு தட்டு முதலிலேயே தாழ்ந்துவிடுகிறது.

சொத்து வரியிலும் இதே மறதி நேர்கிறது. சென்னையின் பழைய மாநகராட்சிப் பகுதிகளில் 2022இல் சொத்து வரி உயர்த்தப்பட்டது. 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புகளுக்கு 50 சதவீதமும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 150 சதவீதமும் உயர்வு வந்தது. ஒண்டுக்குடித்தனத்தில் வாழ்பவர்கள் நிறைந்த எங்கள் பகுதியில், "வீட்டுக்காரர் கவலை நமக்கெதற்கு?" என்று பலர் அப்போது ஒதுங்கி நின்றார்கள். வீட்டு வரி வாடகையாக மாறி அவர்கள் வாசலுக்கே வந்தது. எனவே ஒரு சிறு கட்சி சொத்து வரியைக் குறைப்பேன் என்றால், அந்தக் குறைப்பு வாடகைதாரருக்கும் போய்ச் சேருமா, வீட்டு உரிமையாளரோடு நின்றுவிடுமா என்று கேட்பது குடியிருப்பவரின் உரிமை.

கணக்கில் நேரும் தவறுகளைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். எல்லாக் குடும்ப அட்டைகளுக்கும் மாதம் 2,000 ரூபாய் என்ற யோசனை ஒருமுறை விவாதத்துக்கு வந்தது. அட்டைகள் ஏறத்தாழ 2.2 கோடி. அட்டைக்கு ஆண்டுக்கு 24,000 ரூபாய் என்று பெருக்கி, 52,800 கோடி ரூபாய் என்று கரும்பலகையில் எழுதி, இது நடக்காத காரியம் என்று முடித்துவிட்டேன். ஒரு கல்லூரி மாணவி எழுந்து, ஏற்கெனவே கொடுப்பதை ஏன் கழிக்கவில்லை என்று கேட்டார். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் தொடங்கியபோது 1.06 கோடி பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கப்பட்டது. அதுவே ஆண்டுக்கு 12,720 கோடி. பழைய திட்டத்தைப் புதியதோடு இணைத்துவிட்டால் கூடுதல் செலவு ஏறத்தாழ 40,000 கோடிதான். அதுவும் பெருந்தொகையே. ஆயினும் 52,800 கோடியை எதிர்ப்பதும் 40,000 கோடியை எதிர்ப்பதும் ஒன்றல்ல. அன்று நான் எழுதியதை நானே அழித்தேன்.

அதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. அறிக்கையின் ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மறுபக்கத்தை மறப்பது அது. உதவித்தொகையை உயர்த்தும் அதே கட்சி முழு மதுவிலக்கையும் கேட்குமானால், இரண்டையும் ஒரே பலகையில் எழுத வேண்டும். 2023-24இல் மது விற்பனையால் மாநில அரசுக்கு வந்த வரி வருவாய் 45,000 கோடிக்கு மேல். முன்சொன்ன 40,000 கோடியோடு சேர்த்தால் நிரப்ப வேண்டிய பள்ளம் 85,000 கோடி ஆகிறது. அந்த ஆண்டில் மாநிலத்தின் சொந்த வரி வருவாயே ஏறத்தாழ 1.67 லட்சம் கோடிதான். மதுவுக்குச் செலவாகாத பணம் குடும்பத்தின் அரிசிக்கும் துணிக்கும் போகும், அதில் ஒரு பங்கு வரியாகத் திரும்பும் என்பது உண்மை. அது பள்ளத்தை முழுவதும் மூடிவிடும் என்று சொல்வதுதான் மிகை. இராஜாஜி இதை நன்றாக உணர்ந்திருந்தார். 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய அவருடைய அரசு, இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மதுவிலக்கு கேட்கும் எந்தக் கட்சியிடமும், "உங்களுடைய 1939 எது?" என்று கேட்கலாம். வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் குடியால் சிதைந்த வீடுகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். மதுக்கடைகள் மூடப்பட வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். அந்த விருப்பமே கணக்கைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க என்னைத் தூண்டுகிறது.

"இலவசம்" என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் திணிப்பதும் விவாதத்தை மழுங்கடிக்கிறது. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு, கைக்கு நேரடியாக வரும் பணம், பேருந்துக் கட்டணச் சலுகை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாட்களுக்கான நிவாரணம் ஆகிய நான்கும் வெவ்வேறு நோக்கங்கள் கொண்டவை. கடைசியாகச் சொன்னது, அரசே கடலுக்குப் போகாதே என்று தடுப்பதற்கு ஈடான தொகை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் பணமோ பொது வரியிலிருந்து வருவதன்று. கட்டடச் செலவின் மீது விதிக்கப்படும் 1 சதவீத நல வரியிலிருந்து வருகிறது. ஒரு சிறு கட்சி வீட்டுவேலை செய்வோருக்கு வாரியப் பயன்களை விரிவாக்குவோம் என்று எழுதியிருந்தால், அதற்கும் இதுபோன்ற தனி நிதி ஊற்று உண்டா என்று தேடிப் பார்க்க வேண்டும்.

தேர்தல் வாக்குறுதிகள் குறித்த வழக்கில், அவை சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலையில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அறிக்கைகளுக்கான வழிகாட்டுதல்களை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்தைக் கேட்டுக்கொண்டது. வாக்குறுதிக்கான காரணத்தையும், அதற்கான நிதியைத் திரட்டும் வழியையும் கட்சிகள் பொதுவாகவேனும் குறிப்பிட வேண்டும் என்று நடத்தை விதிகளில் அதன்பின் சேர்க்கப்பட்டது. இந்த அளவுகோலைச் சிறு கட்சிக்கு மட்டும் நீட்டிவிட்டுப் பெரிய கட்சிக்குச் சுருட்டி வைத்துக்கொள்வது நேர்மையன்று.

தகுதி விதிகளைப் படிக்காமல் விடுவதும் தவறு. மகளிர் உரிமைத் தொகைக்கு ஆண்டுக்கு 3,600 யூனிட் மின்சாரம் என்ற வரம்பு வைக்கப்பட்டது. ஒரே மின்மானியின் கீழ் நான்கு குடித்தனங்கள் இருக்கும் கொருக்குப்பேட்டை வீடுகளில் அந்த வரம்பை யார் பெயரில் கணக்கிடுவது என்ற கேள்வியை, புதிய திட்டம் எழுதும் கட்சியிடமும் வைக்க வேண்டும்.

இப்போது எங்கள் படிப்பகத்தில், ஒரு யோசனையை எதிர்ப்பவரே முதலில் அதன் ஆதரவாளர் ஒப்புக்கொள்ளும்படி அதை விளக்கிக் காட்ட வேண்டும் என்று வைத்திருக்கிறோம். கேரம் பலகையைத் துடைத்த அதே இளைஞர், சென்ற முறை அந்தச் சிறு கட்சியின் சொத்து வரி யோசனையை விளக்க இருபது நிமிடம் எடுத்துக்கொண்டார். பிறகு வாடகைதாரரின் பங்கைக் கேட்டு அதை எதிர்த்தார்.