வீட்டில் காபி காக்டெய்ல்: சரக்கைத் திட்டும் முன் டிகாஷனைப் பாருங்கள்

என் முதல் எஸ்பிரெசோ மார்ட்டினி பீளமேட்டு வீட்டின் சமையலறைச் சுவரில்தான் போய் முடிந்தது. ஃபில்டரிலிருந்து அப்போதுதான் இறங்கிய சூடான டிகாஷன், 60 மில்லி வோட்கா, நாலு ஐஸ் கட்டி. ஷேக்கர் இல்லை. மூடியை அழுத்தி மூடும் ஸ்டீல் டப்பா இருந்தது. மூன்று குலுக்குக் குலுக்கியிருப்பேன், உள்ளே சூடேறிய காற்றும் ஆவியும் மூடியைத் தூக்கி எறிந்துவிட்டன. பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா, "ஏனுங் தம்பி, குக்கருங்களா வெடிச்சுது?" என்று எட்டிப் பார்த்தார்.

டப்பாவின் அடியில் மிஞ்சியதைக் குடித்துப் பார்த்தேன். தண்ணீராக, கசப்பாக, நுரையே இல்லாமல் இருந்தது. சரக்கு மட்டம் என்று முடிவு கட்டி, அடுத்த முறை விலை கூடிய பாட்டில் வாங்கினேன். அதுவும் அப்படியேதான் இருந்தது. கோளாறு டிகாஷனில் என்று புரிய இன்னும் இரண்டு பாட்டில் செலவானது.

இந்தக் காக்டெய்லை 1980களில் லண்டனில் உருவாக்கியவர் டிக் பிராட்செல் என்ற பார்டெண்டர். இப்போது சர்வதேச பார்டெண்டர்கள் சங்கம் சொல்லும் அளவு: வோட்கா 50 மில்லி, காபி லிக்யூர் (காபி மணமும் இனிப்பும் சேர்த்த மது) 30, சர்க்கரைப் பாகு 10, கூடவே ஒரு எஸ்பிரெசோ. நாம் சறுக்குவது அந்தக் கடைசிச் சொல்லில். எஸ்பிரெசோ மெஷின் 9 பார் அழுத்தத்தில், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய ஒன்பது மடங்கில், அரை நிமிடத்துக்குள் காபியைப் பிழிந்து தருகிறது. நம் ஃபில்டரில் தண்ணீர் தானாகச் சொட்டி இறங்குகிறது. பாலில் கலந்தால் ஒரு டம்ளர் முழுக்க மணக்கிற டிகாஷன், வோட்காவிலும் ஐஸிலும் போனால் காணாமல் போய்விடும்.

அதனால் காக்டெய்லுக்கென்று தனியாக டிகாஷன் போட வேண்டும். மேல் டப்பாவில் 20 கிராம் தூள் போடுங்கள். குடையை வைத்து லேசாக அழுத்தினால் போதும், பலமாக அமுக்கினால் தண்ணீர் இறங்காமல் நின்றுவிடும். முதலில் தூள் நனையும் அளவுக்கு மட்டும் கொதித்த தண்ணீரை விட்டு, அரை நிமிடம் கழித்து மீதியை ஊற்றுங்கள். எல்லாம் சேர்த்து 100 மில்லி, அதற்கு மேல் கூடாது. தூளே 40 மில்லியைக் குடித்துக்கொள்ளும். கீழே 60 மில்லி இறங்கும், இரண்டு கிளாஸுக்கு அது சரியாக இருக்கும். இரண்டாம் டிகாஷன் வீட்டில் காபிக்கு ஆகட்டும், இங்கே கொண்டுவராதீர்கள். இறங்கியதை ஆறவைத்து, ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். நேற்றைய டிகாஷனைச் சூடான பாலில் மறைக்கலாம், ஐஸில் மறைக்க முடியாது.

இன்ஸ்டன்ட் காபி போட்டால் கேவலமா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லவே இல்லை. இரண்டு டீஸ்பூனை 30 மில்லி வெந்நீரில் கரைத்து ஆறவைத்துக் குலுக்கினால் ஃபில்டர் டிகாஷனைவிட நுரை நன்றாகவே நிற்கும். மணம்தான் குறைவு.

அடுத்தது சிக்கரி. நம் வீடுகளில் வாங்கும் தூளில் இருபது, முப்பது சதவீதம் சிக்கரி இருக்கும். அது வறுத்த கிழங்கு, கஃபீன் கிடையாது. நிறமும் திடமும் கசப்பும் அதன் வேலை. பாலோடு சேர்ந்தால் எனக்கும் பிடிக்கும். வோட்காவில் பால் மறைப்பு இல்லாமல் நிற்கும்போது அதே சிக்கரி கஷாய வாடை அடிக்கிறது, கிளாஸின் அடியில் மண்டியும் சேர்கிறது. கடையில் கண்ணெதிரே அரைத்துத் தரும்போது, "சிக்கரி வேண்டாங்க, பிளான்டேஷன் ஏ நூறு கிராம் மட்டும் குடுங்க" என்று சொல்லிவிடலாம். பிளான்டேஷன் ஏ என்பது அராபிகா கொட்டையில் ஒரு தரம். ஏற்காட்டுக் காபி கிடைத்தால் இன்னும் நல்லது. சேர்வராயன் மலையில் காபி வந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டு ஆகிறது, பக்கத்தில் விளைவதை வைத்துக்கொண்டு பழைய பாக்கெட்டை ஏன் பிரிக்க வேண்டும்? ஒரே ஒரு விதிவிலக்கு: பிராந்தியும் கிரீமும் சேர்ந்த கலவையில் கொஞ்சம் சிக்கரி இருந்தால், கருக்கிய சர்க்கரை மாதிரி அது பிராந்தியோடு ஒட்டிக்கொள்கிறது. இது என் நாக்கு சொல்வது. உங்கள் நாக்கு வேறு சொல்லலாம்.

ஐஸைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. குலுக்கும்போது ஐஸ் உருகி, கலவையில் கால் பங்குக்கு அருகில் தண்ணீர் சேர்கிறது. அதாவது நீங்கள் குடிப்பதில் கணிசமான பங்கு உங்கள் வீட்டுத் தண்ணீர். கோயம்புத்தூரில் சிறுவாணி வரும் வீட்டுக்காரர்களுக்குக் கவலை இல்லை. பல்லடம், அவினாசிப் பக்கம் போர் தண்ணீரில் ஐஸ் வைப்பவர்கள் உப்புத் தண்ணியில் காபி போட்டால் எப்படி இருக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஐஸுக்கும் டிகாஷனுக்கும் நல்ல தண்ணியையே எடுங்கள். ஐஸ் தட்டை மூடி வையுங்கள், திறந்து கிடந்தால் முந்தாநாள் மீன்குழம்பின் வாசம் அதில் ஏறிவிடும். கட்டிகள் பெரிதாக, ஃப்ரீஸரிலிருந்து எடுத்த கையோடு இருக்க வேண்டும். டப்பாவில் முக்கால் பங்கு ஐஸ் போட்டு, ஆறிய டிகாஷனை ஊற்றி, பதினைந்து எண்ணும் வரை பலமாகக் குலுக்கினால் போதும். நாலே கட்டி போட்டால் கலவை குளிர்வதற்குள் ஐஸ் உருகிவிடும்.

சர்க்கரையை அப்படியே போடாதீர்கள், குளிர்ந்த சாராயத்தில் கரையாமல் அடியில் மணலாக நிற்கும். சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் சூடாக்கிப் பாகாக்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையில்தான் பாகு வைக்கிறேன். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற அதே சரக்கு. கரைந்ததும் துணியில் வடிகட்டுங்கள், கசடு நிறைய இருக்கும். காபியின் கசப்புக்கும் ரம்முக்கும் அது பொருந்துவதுபோல் வெள்ளைச் சர்க்கரை பொருந்தாது.

இனி பால். வெல்லம் போட்டுப் பாலைக் கொதிக்க வைத்தால் திரிந்துபோகும் என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். வெல்லத்தைத் தனியாகக் கரைத்து, இறக்கி வைத்த பிறகு பாலைச் சேர்ப்பார்கள். காபி காக்டெய்லில் நடப்பதும் அதேதான். பாலிலுள்ள கேசின் புரதம் பி.எச். (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6 அருகே வந்தால் திரளத் தொடங்கும். காபியின் பி.எச். ஏறக்குறைய 5, அங்கேயே பாதி வழி வந்தாயிற்று. மதுவும் சூடும் மீதியைத் தள்ளிவிடுகின்றன. கிளாஸில் மோர் மாதிரி திரிதிரியாக நிற்கும். ருசி கெடுவது ஒரு பக்கம், பார்த்தாலே குடிக்கத் தோன்றாது.

பால் என்றால் கொழுப்பு வேண்டும், அதிலும் கிரீம்தான் வேண்டும். ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில்கூடக் கொழுப்பு 6 சதவீதம்தான். 'ஃப்ரெஷ் கிரீம்' என்று டப்பாவில் வருவதில் 25 சதவீதம். ஒயிட் ரஷ்யன் போன்ற குளிர்ந்த கலவைக்கு அது நன்றாக ஆகும்: வோட்கா 50, காபி லிக்யூர் 20, கிரீம் 30 மில்லி. கிரீமைக் கடைசியாக, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஊற்றி உடனே குடித்துவிட வேண்டும். வீட்டுப் பாலாடையை எடுத்துப் போட்டுப் பார்த்தேன், வெண்ணெய்த் துணுக்காக மிதந்தது. பொள்ளாச்சிக்காரர்கள் தேங்காயின் முதல் பாலை முயன்று பார்க்கலாம். அதில் கேசின் இல்லை, ரம்மோடு நன்றாகச் சேரும். சற்று நேரத்தில் பிரிந்தாலும் ஸ்பூனால் கலக்கினால் கூடிவிடும். சூடான காபியில் மட்டும் வேண்டாம்.

சூடாகக் குடிப்பது என்றால் விஸ்கி சேர்த்த ஐரிஷ் காபி. 1940களில் அயர்லாந்தின் ஃபாயின்ஸ் விமான நிலையத்தில், குளிரில் வந்திறங்கிய பயணிகளுக்காக ஜோ ஷெரிடன் செய்து கொடுத்தது. மார்கழியில் ஊட்டியிலோ வால்பாறையிலோ இதன் அருமை தெரியும். ஈரோட்டுச் சித்திரையில் இதைச் செய்பவருக்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. இதில் கிரீம் மேலே மிதக்க வேண்டும். காபியில் சர்க்கரை சேர்க்காமல் விட்டால் மிதக்காது, சர்க்கரைதான் காபியைக் கனமாக்கி கிரீமைத் தாங்குகிறது. கிரீமும் லேசாக அடித்ததாக இருக்க வேண்டும், அதற்கு 35 சதவீதக் கொழுப்புள்ள விப்பிங் கிரீம் வாங்குங்கள். ஸ்பூனின் பின்பக்கத்தில் வழியவிட்டு மெல்ல ஊற்றுங்கள். மிதந்தபின் கலக்கக் கூடாது, அந்தக் குளிர்ந்த கிரீம் வழியாகத்தான் சூடான காபியை உறிஞ்ச வேண்டும்.

விஸ்கியைச் சூடாக்குகிறேன் என்று அடுப்பில் வைக்காதீர்கள். எரிசாராயம் 78 டிகிரியில் கொதித்துவிடும், அது ஒன்று. அதைவிடப் பெரியது, 40 சதவீத மதுவின் ஆவி 26 டிகிரி சூட்டிலேயே தீப்பற்றும். நம் ஊர் வெயிலில் அது சாதாரண அறை வெப்பம்தானே. கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு, மேசையில் வைத்து ஊற்றுங்கள். கிளாஸில் முதலில் வெந்நீர் ஊற்றிக் கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மெல்லிய கிளாஸ் விரிசல் விடும்.

அளவுக்கு வருவோம். பாட்டில் மூடியால் அளப்பது, "கட்டிங் ஊத்திக்கலாம்" என்று கண்ணால் ஊற்றுவது இரண்டுமே இதில் ஆகாது. கட்டிங் என்றால் 90 மில்லி. இங்கே விற்கும் சரக்கு பெரும்பாலும் 42.8 சதவீதம். காபியும் சர்க்கரையும் காரத்தை மறைப்பதால் 90 மில்லி போனது தெரியவே தெரியாது. எவர்சில்வர் பெக் அளவி ஒன்று வாங்கிவிடுங்கள். விலை கூடிய சிங்கிள் மால்ட்டை இதில் கொட்டுவதும் வீண்தான், காபி அதன் மணத்தை விழுங்கிவிடும்.

காபி லிக்யூர் சாதாரண டாஸ்மாக் கடையில் கிடைப்பது அரிது, எலைட் கடையில் தேடிப் பார்க்கலாம். இல்லாவிட்டால் வீட்டிலேயே ஊறவைக்கலாம்: கரகரப்பாக உடைத்த சிக்கரியில்லாக் காபிக்கொட்டை 40 கிராம், ரம் ஒரு ஆஃப் பாட்டில். ஒரு நாள் போதும். ஊறுகாய் மாதிரி ஊற ஊற ருசிக்கும் என்று மாதக்கணக்கில் விட்டவர்களின் பாட்டிலைக் குடித்திருக்கிறேன், வேப்பங்கொட்டை தோற்றுவிடும். வேட்டித் துணியில் வடித்து, பிழியாமல் விட்டு, அப்புறம் பாகைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காபி குடித்தால் போதை தெளியும் என்பதை நம்பித்தான் சிலர் இரண்டாவது கிளாஸ் எடுக்கிறார்கள். தெளியாது. கஃபீன் தூக்கத்தைத் தள்ளிவைக்கும், ரத்தத்தில் உள்ள மது அப்படியே இருக்கும். தெளிவாக இருப்பதாகத் தோன்றுவதால் இன்னும் குடிப்பார்கள், அதுதான் ஆபத்து. 2010இல் அமெரிக்க உணவு மருந்துத் துறை, கஃபீன் சேர்த்த மதுபானம் தயாரித்த நான்கு நிறுவனங்களுக்கு எச்சரிக்கை அனுப்பியதும் இதனால்தான். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் மதுவைத் தாண்டினால் வண்டி ஓட்டுவது குற்றம், ஊதச் சொல்லும் போலீஸ்காரர் நீங்கள் குடித்தது காபியா என்று பார்க்கப்போவதில்லை. கஃபீன் பாதி குறையவே ஐந்து மணி நேரம்போல ஆகும் என்பதால், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றோடு நிறுத்தினால் தூக்கமாவது மிஞ்சும். 21 வயது ஆகாதவர்களுக்கு இதை ருசி பார்க்கக்கூடக் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று, ஊறவைத்த பாட்டிலில் பெயர் எழுதி ஒட்டுங்கள். நான் ஒட்டவில்லை. டிகாஷன் நிறத்தில், டிகாஷன் வாசத்தில் ஃபிரிட்ஜ் கதவில் இருந்ததை, திருப்பூரிலிருந்து வந்திருந்த சித்தி டிகாஷன் என்றே நினைத்துச் சூடான பாலில் கலந்து சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டார். பால் திரிந்திருந்தது. சித்தப்பா ஒரு வாய் குடித்தார், டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏங் கண்ணு, காபித்தூள் எந்தக் கடைல வாங்குன?"