குதிகால் வலி: ஊசிக்கு ஓடும் முன்

காலையில் எழுந்து முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி இறங்கியது போல் சுரீர் என்கிறது. நாலு அடி நடந்ததும் மட்டுப்படுகிறது. ஊரில் குதிகால் வாதம் என்பார்கள். குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் ஓடும் தசைநார்ப் பட்டை, எலும்போடு ஒட்டும் இடத்தில் நைந்துபோவதே பெரும்பாலும் காரணம்.

எக்ஸ்ரேயில் ‘எலும்பு முள்’ தெரிந்ததும் பலர் அறுவை சிகிச்சை வரை கற்பனை செய்துவிடுகிறார்கள். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் அந்த முள் உண்டு; வலி போன பிறகும் அது அங்கேயேதான் இருக்கும்.

சூடாக்கிய செங்கல்மேல் எருக்கிலை போட்டுக் குதிகாலை வைக்கும் வைத்தியத்துக்கு இன்றும் மவுசு குறையவில்லை. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் அதன் பக்கமே போகக் கூடாது. கொப்புளம் எழும்பிய பிறகுதான் சுட்டதே தெரியும்.

நான் செய்த தவறு வேறு. உள்ளங்கால் பட்டையை நீட்டும் பயிற்சியைச் சாயங்காலம், வலி அடங்கிய நேரத்தில் செய்துகொண்டிருந்தேன். செய்ய வேண்டியது படுக்கையிலேயே, தரையில் கால் படும் முன்பு. வலிக்கும் காலை மறு தொடைமேல் போட்டு, விரல்களைப் பிடித்துக் கணுக்கால் பக்கம் மடக்கி இழுக்க வேண்டும். மறு கைக் கட்டைவிரலால் உள்ளங்காலைத் தடவினால் பட்டை வீணைக் கம்பி போல் விறைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் இழுத்தது போதவில்லை. 10 எண்ணும் வரை பிடித்து, 10 முறை. நாளுக்கு 3 தடவை. கெண்டைக்காலையும் சேர்த்து நீட்ட வேண்டும், அது இறுகினால் பட்டைக்கும் இழுவிசை கூடும்.

விலை உயர்ந்த ஷூவை வெளியே போட்டுக்கொண்டு, சமையலறை டைல்ஸில் நாள் முழுக்க வெறுங்காலுடன் நிற்பதில் என்ன பயன்? வீட்டுக்கென்று மெத்தென்ற செருப்பு ஒரு ஜோடி தனியாக வைத்துக்கொள்ளலாம். மாமியார்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். குதிகாலில் அப்பளமாகத் தேய்ந்த ரப்பர் செருப்பு வெறுங்காலுக்குச் சமம்.

ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்குச் சுகம் தரும். அதைத் திரும்பத் திரும்பப் போட்டால் பட்டை கிழியவும், குதிகாலின் கொழுப்பு மெத்தை தேயவும் வாய்ப்பு உண்டு. பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே குணமாகிறது, ஆனால் மாதக்கணக்கில். இரண்டு வாரத்தில் பயிற்சியைக் கைவிடுபவர்கள்தான் ஊசிக்கு வரிசையில் நிற்கிறார்கள்.

மரத்துப்போதல், ராத்திரி படுத்திருக்கும்போதும் விடாத வலி, இளவயதில் இரு குதிகால் வலியோடு காலையில் இடுப்பும் விறைத்துப்போவது: இவை இருந்தால் பயிற்சியை நம்பி நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.