மூன்று கால் நாயை வீட்டு நாய்களோடு சேர்க்கும்போது செய்யக்கூடாதவை

வெள்ளச்சிக்கு வலது முன்னங்கால் கிடையாது. நீடாமங்கலம் பக்கம் ரோட்டில் வண்டி ஏறி, காலை எடுத்து, புண் ஆறிய பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வீட்டில் ஏற்கெனவே மணியும் ஜிம்மியும் இருந்தன. "பாவம்டா தம்பி, நடக்க விடாதே" என்று அத்தை சொன்னதும், அவளைத் தூக்கிக்கொண்டே ரேழிக்குள் போனேன். மணி எகிறி எகிறி மோந்தான். என் தோளில் இருந்தபடியே வெள்ளச்சி அவன் மூக்கைக் கவ்விவிட்டாள். லேசான கீறல்தான். ஆனாலும் அன்று கெட்ட பேர் மாற ஒரு மாதம் ஆயிற்று.

தப்பு அவள்மேல் இல்லை. தூக்கி வைத்திருக்கும் நாய் எதிராளியை மோந்து பார்க்க முடியாது, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒதுங்கவும் முடியாது. சங்கிலியில் கட்டிப்போட்ட நாய்க்கும் இதே கதிதான். மூன்று கால் நாய் நேராக ஓடுவதில் பெரும்பாலும் சளைக்காது. சட்டென்று நிற்பதும் திரும்புவதும்தான் சிரமம். நாயின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. அதனால் முன்னங்கால் போன நாய், கால் இல்லாத பக்கம் ஒரு இடி வாங்கினாலே சாய்ந்துவிடும். விலகிப்போக வழியில்லை என்று பட்டால் முந்திக்கொண்டு கடிக்கும். அந்த வழியை அடைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

அடுத்த தவறு அவசரம். தெருவிலிருந்து வந்த நாயை வந்த அன்றே மற்றவற்றோடு விடக்கூடாது. பார்வோ போன்ற தொற்று இருந்தால் வெளியே தெரியச் சில நாட்கள் ஆகும். இரண்டு வாரமாவது தனியாக வைத்து, தடுப்பூசி போட்டு, உண்ணி பார்த்துவிடுங்கள். கால் எடுத்த தையல் இன்னும் பிரிக்கவில்லை என்றால் கூடுதலாகவே காத்திருக்க வேண்டும், மற்ற நாய்கள் நக்கியே புண்ணைக் கிளறிவிடும். அந்த இரண்டு வாரமும் வீணில்லை. மாட்டுக்கொட்டகை ஓரத்து அறையில் வெள்ளச்சி படுத்த சாக்கை எடுத்து மணிக்குப் போட்டோம், மணியின் சாக்கை அவளுக்குப் போட்டோம். மறுபடி நேரில் பார்ப்பதற்கு முன்பே வாசனை பழகிவிட்டது.

முதல் சந்திப்பை வீட்டுக்குள் வைக்காதீர்கள். நம் ஊரில் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வரப்பிலும் வைக்காதீர்கள். காலாற நடக்க வரப்புதான் தோதென்று தோன்றும். ஆனால் ஒற்றையாள் நடக்கும் வரப்பில் இரண்டு நாய்கள் நேருக்கு நேர் வந்தால், ஒன்று சேற்றில்தான் இறங்க வேண்டும். நாற்று நட்ட வயல் சேற்றில் மூன்று கால் நாய் மாட்டிக்கொண்டு தவிக்கும். நாங்கள் வெண்ணாற்றங்கரைச் சாலைக்குப் போனோம். ஆளுக்கொரு நாயைப் பிடித்துக்கொண்டு, இருபதடி இடைவெளி விட்டு, ஒரே திசையில் நடந்தோம். கயிறு தொய்வாக இருக்க வேண்டும், இழுத்துப் பிடித்தால் நாயின் உடம்பும் விறைக்கும். நாலாம் நாள் இடைவெளி தானாகக் குறைந்தது. முதலில் மணியோடு, பிறகு ஜிம்மியோடு. இரண்டையும் சேர்த்து அவள்மேல் விடவில்லை.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. விளையாடக் கூப்பிடும் நாய் முன்பக்கத்தைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கி வாலாட்டும். வெள்ளச்சி அப்படிச் செய்யப்போனால் ஒற்றை முன்னங்கால் தள்ளாடி, தலை முன்னால் பாயும். அதைத் தாக்க வருகிறாள் என்று நினைத்து ஜிம்மி முதுகு மயிர் சிலிர்க்க நின்றாள். கூப்பிட்டு நாலடி நடத்தி மறுபடி விட்டோம். இரண்டு மூன்று நாளில் புரிந்துகொண்டாள். உடம்பு விறைத்து, கண் ஒரே இடத்தில் நின்றால் பிரித்துவிடுங்கள். உடம்பு குழைந்து வளைந்து வந்தால் விட்டுவிடுங்கள்.

உறுமினால் திட்டாதீர்கள். "கிட்ட வராதே" என்று சொல்ல அதற்கு இருக்கும் பாஷை அது. அதை அடக்கினால் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். எப்போதும் சாதுவான நாய் திடீரென்று சீறினால் வலி இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், இப்யூபுரோஃபென் எதையும் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அவை விஷமாகலாம்.

தரையையும் பாருங்கள். டைல்ஸ் தரையில் மற்ற நாய்கள் ஓடிப்பிடித்து விளையாடும்போது இது சறுக்கி விழும். விழுந்ததன் மேல் மற்றவை ஏறினால் அதுவே சண்டையாகும். ஐப்பசி மழையில் முற்றத்தில் பாசி பிடித்தால் இன்னும் மோசம். வாசற்படி, முற்றத்து ஓரம் எல்லாம் சாக்கு விரித்தோம். விளையாட்டும் பத்து நிமிஷம் போதும், அலுத்துப்போனால் நாய்க்கும் எரிச்சல் வரும்.

சண்டை மூண்டால் நடுவில் கையை விடாதீர்கள். ஒரு வாளி தண்ணீரை வீசுங்கள், அல்லது பலகையை நடுவில் நுழைத்துவிடுங்கள். நம்மேல் பல் பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும்.

மூன்றையும் வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் எல்லோரும் வெளியே போக ஒன்றரை மாதம் ஆனது. இப்போது மத்தியானம் திண்ணையில் மூன்றும் ஒட்டித்தான் படுக்கின்றன. சோறு வைக்கும்போது மட்டும் வெள்ளச்சி கொல்லையில், மற்ற இரண்டும் வாசலில், நடுவில் கதவு சாத்தியிருக்கும்.