ஏரி ஏறியிருக்கும்போது படகை இறக்குவது

வடகிழக்குப் பருவமழை நாலு நாள் கொட்டிவிட்டு வெறித்தால் தூண்டில்காரர்களுக்கு வீட்டில் இருப்பு கொள்ளாது. புதுத்தண்ணீர் வந்து விழும் இடத்தில் கொடுவா மீன் இரை தேடி நிற்கும். ஆரம்பாக்கத்தில் இருக்கும் எனக்கும் அப்படித்தான். பதினாலு அடி பைபர் படகைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு, எல்லை தாண்டி ஆந்திராவில் தடா பக்கம் இருக்கும் பீமுனிவாரிபாளையத்துக்குப் போய்விடுவேன். பழவேற்காடு ஏரியில் தண்ணீர் ஏறியிருக்கும் நாளில் அங்கே நான் செய்வதைச் சொல்கிறேன்.

கிளம்புமுன் மேற்கே என்ன நிலவரம் என்று விசாரியுங்கள். நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கும். ஆந்திராவில் பெய்த மழை காளங்கி ஆற்றில் சூலூர்பேட்டை வழியாக வந்துகொண்டிருக்கும். தெற்கே ஆரணியாறு. பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் ஊத்துக்கோட்டை, பொன்னேரி தாண்டி அந்தத் தண்ணீரும் இதே ஏரிக்குத்தான் வரும். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல் அடைத்திருந்தால் வந்தது வடியாமல் தேங்கும். கோடையில் சுமார் 250 சதுர கிலோமீட்டராகச் சுருங்கும் ஏரி, மழைக்காலத்தில் 450 வரை விரியும். விரிந்த இடத்தில் ஆழம் இருக்காது. முழங்கால் தண்ணீர், அதன் அடியில் சேறும் சீமைக் கருவேல முள்ளும்தான்.

கரைக்குப் போனதும் படகை அவிழ்க்காதீர்கள். தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டு அரை மணி நேரம் டீ குடியுங்கள். குச்சி நனைந்தால் ஏறுகிறது, காய்ந்த மண்ணில் நின்றால் வடிகிறது. ஏறுகிறது என்றால் நான் அன்றைக்கு இறக்குவதில்லை. வாடை பலமாக அடித்தாலும் தண்ணீரை மேற்குக் கரைக்குத் தள்ளும். காற்று நின்றதும் அது திரும்பிவிடும். அதையும் கணக்கில் வையுங்கள்.

அப்புறம் துடுப்பாலோ நீளக் கழியாலோ அடியைக் குத்திப் பார்த்தபடி, இறக்கும் வழி முழுக்க நடங்கள். வழக்கமான கரை விளிம்பு இப்போது தண்ணீருக்குள் இருக்கும். அதற்குக் கீழே மண் அரித்துக் குடைந்திருக்கும். கழி திடீரென்று உள்ளே போனால் அந்த இடம் வேண்டாம். வண்டியின் பின்சக்கரத்தை ஈர மண்ணுக்குக் கொண்டுபோகாதீர்கள். கொஞ்சம் கூடுதல் தூரமானாலும் உருளைக்கட்டை போட்டே தள்ளுங்கள். ஒதுங்கிக் கிடக்கும் ஆகாயத்தாமரையில் கை வைக்காதீர்கள், பாம்பு ஏறியிருக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் போன ஒரு வாரத்தில் என் தங்கை மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். நான் வண்டியை ஓரம்கட்டிக்கொண்டிருந்தேன். கரையில் நின்ற பெரியவர் ஒருவர் அவனைப் பார்த்து, "வத்து! வத்து!" என்று கத்தினார். தெலுங்கில் அது 'வேண்டாம்'. தண்ணீர் வத்துகிறது, சீக்கிரம் தள்ளு என்கிறார் என்று இவன் நினைத்துத் தள்ளிவிட்டான். வலை கட்டும் கம்பு இரண்டு விரல் தண்ணீருக்குக் கீழே நின்றிருக்கிறது. படகின் அடி ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்தது, கம்பும் சாய்ந்தது. கம்புக்கு உண்டான பணத்தைப் பெரியவரிடம் கொடுத்தேன். யார் எங்கே வலை போடுவது என்று பழவேற்காட்டு மீனவர்கள் பாடு என்று முறை வைத்திருக்கிறார்கள்; அது அவர்கள் பிழைப்பு. அதனால் இப்போதெல்லாம் கம்பு எங்கெங்கே இருக்கிறது என்று கரையில் இருப்பவர்களிடம் கேட்காமல் இறக்குவதே இல்லை.

தண்ணீரில் இறங்கியதும் முதல் நூறு மீட்டருக்குக் கழியாலேயே தள்ளிப் போங்கள். இன்ஜினைப் போட்ட பிறகு அடிக்கடி பின்னால் திரும்பி, அதைக் குளிர்விக்கும் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். கலங்கலில் சேறும் செத்தையும் அடைத்து அது நின்றுவிடும். நின்றால் உடனே அணைத்துச் சுத்தம் செய்யுங்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே மாட்டிக்கொள்ளுங்கள், முழங்கால் தண்ணீர்தானே என்று விடாதீர்கள்.

படகைக் கட்டிவைப்பது தனி வேலை. கயிறு குட்டையாக இருந்து தண்ணீர் ஏறினால் முனை அமுங்கிப் படகு மூழ்கும். ரொம்ப நீளமாக விட்டால் காற்றில் மேட்டுக்குப் போய், வடிந்த பிறகு வயல்வரப்பில் கிடக்கும். முன்னும் பின்னும் இரண்டு கயிறு கட்டி, தண்ணீர் ஓரடி ஏறினாலும் தாங்குகிற அளவுக்குத் தளர்த்தி விடுவேன். விட்டுப் போனால் பொழுது சாய்வதற்குள் ஒருமுறை வந்து பார்ப்பேன்.

திரும்பும் நேரத்தைப் போகும்போதே முடிவு செய்துவிடுங்கள். வடியும் நாளில் காலையில் மிதந்து போன இடம் மத்தியானம் வெறும் சேறாக இருக்கும். இரண்டு பேரால் அந்தச் சேற்றில் படகை இழுக்கவே முடியாது. அதனால் கொடுவா அடித்துக்கொண்டே இருந்தாலும் நான் பதினொரு மணிக்குத் திரும்பிவிடுவேன்.

காலில் வெட்டுக்காயம் இருப்பவர் வெள்ளத்தண்ணீரில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் அந்த வழியாக வரும். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கால் கழுவுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், வெள்ளத்தில் நின்றதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.