உடல் பருமன் ஆய்வைச் சேலத்தில் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உடல் பருமனின் மரபியலை ஆராய விரும்பி வரும் முதுநிலை மாணவர்கள் பெரும்பாலும் டிஎன்ஏ வரிசையை எங்கே படிக்கக் கொடுப்பது, எவ்வளவு செலவாகும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். உங்கள் வார்டில் உள்ள எடைக் கருவி சரியாக வேலை செய்கிறதா என்று நான் திருப்பிக் கேட்பது வழக்கம். பருமனின் மரபியலும், பருமன் உள்ளவர்களுக்கு மருத்துவமனையில் கிடைக்கும் பராமரிப்பின் தரமும் இரண்டு வெவ்வேறு துறைகள் போலத் தோன்றினாலும், கேஸ் ஷீட்டில் எழுதப்படும் உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு ஆகிய மூன்று எண்களின் மேல்தான் இரண்டும் நிற்கின்றன. அந்த எண்கள் பிழையானால் மரபணு ஆய்வும் தவறும், மருந்தின் அளவும் தவறும். ஆகவே இரண்டையும் ஒரே ஆய்வாகத் திட்டமிடுங்கள்.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள்

பருமனில் மரபணுவின் பங்கு இரண்டு விதமாக அமைகிறது. ஒற்றை மரபணு பழுதாகி, குழந்தைப் பருவத்திலேயே கடும் பசியும் பருமனும் உண்டாவது முதல் விதம். ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு 1994-இல் எலியில் கண்டறிந்த லெப்டின் மரபணு இதற்குத் தெளிவான உதாரணம். கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின், உடலில் சேமிப்பு எவ்வளவு இருக்கிறது என்பதை மூளையின் ஹைப்போதலாமஸுக்குத் தெரிவிக்கிறது. அந்தச் செய்தி போய்ச் சேராவிட்டால் வயிறு நிறைந்தாலும் பசி அடங்குவதில்லை. 1997-இல் ஸ்டீஃபன் ஓராஹிலி, சதஃப் ஃபரூக்கி ஆகியோர் அடங்கிய கேம்பிரிட்ஜ் குழு, பாகிஸ்தான் வழிவந்த ஒரே குடும்பத்தின் இரு குழந்தைகளிடம் இந்தக் குறைபாட்டைக் கண்டறிந்தது. எட்டு வயதுச் சிறுமி 86 கிலோவும், இரண்டு வயதுச் சிறுவன் 29 கிலோவும் இருந்தார்கள். இரண்டாம் விதத்தில் நூற்றுக்கணக்கான மரபணு மாறுபாடுகள் ஒவ்வொன்றும் சிறிதளவு எடையைக் கூட்டுகின்றன. 2007-இல் அறியப்பட்ட எஃப்டிஓ என்ற மரபணுவின் மாறுபாட்டைத் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரு படிகளிலும் பெற்ற ஐரோப்பியப் பெரியவர்கள், ஒன்றும் பெறாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதலாக இருந்தார்கள். அதைக் காட்டவே 38,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவு தேவைப்பட்டது.

இந்த எண்ணிக்கையைப் பார்த்தாலே, சேலத்தில் முந்நூறு பேரிடம் ரத்தம் எடுத்துப் பொதுவான புதிய மாறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது என்பது விளங்கும். அந்த ஆசையை விட்டுவிடுங்கள். இங்கே செய்யத் தகுந்தது, ஐந்து வயதுக்கு முன்பே கடும் பருமன் தொடங்கிய குழந்தைகளைத் தேடி, அவர்களுடைய குடும்பங்களை ஆழமாக ஆராய்வதுதான். தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடப்பதாகத் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. தாய்மாமனுக்குப் பெண் கொடுத்த குடும்பத்தில் பிறக்கும் குழந்தையின் மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு, இரு படிகளும் ஒரே மூதாதையரிடமிருந்து வந்தவையாக இருக்கும்; அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் அது பதினாறில் ஒரு பங்கு. லெப்டின் மரபணுவிலும், லெப்டினின் செய்தியை வாங்கும் ஏற்பியின் மரபணுவிலும் இரு படிகளும் பழுதானால்தான் நோய் வெளிப்படும் என்பதால், இந்த ஊர்க் குடும்பங்களில் அவற்றைத் தேடுவதற்கு நியாயம் இருக்கிறது.

அளவெடுப்பில் கஞ்சத்தனம் வேண்டாம்

தினமும் காலையில் முத்திரையிட்ட 20 கிலோ எடைக்கல்லைக் கருவியின் மேல் வைத்து, அது காட்டும் எண்ணைத் தனி நோட்டில் எழுதுங்கள். ஒரு வார்டின் பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டியபோது, அடுத்தடுத்து வந்த பலருக்கும் 60 கிலோ என்றே எழுதியிருந்ததைக் கண்டேன். கருவி பழுதாகியிருந்ததால் எல்லாருக்கும் கண்மதிப்பில் எழுதியிருக்கிறார்கள். அந்த எண்ணை நம்பித்தான் மருந்தும் கணக்கிடப்பட்டிருந்தது என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

இடுப்புச் சுற்றளவைத் தொப்புளை வைத்து அளக்காதீர்கள். கடைசி விலா எலும்பின் அடிவிளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சை விட்ட நிலையில், சேலைக் கொசுவத்தையோ வேட்டி முடிச்சையோ தளர்த்தச் சொல்லி அளக்க வேண்டும். பெண்களை அளக்கத் திரை மறைவும் பெண் பணியாளரும் அவசியம். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பவையே இந்தியர்களுக்கான வரம்புகள். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பிஎம்ஐயையும் 30-இல் வரம்பு கட்டாமல், 2009-இன் இந்திய ஒருமித்த கருத்துப்படி 23-இலிருந்து அதிக எடை, 25-இலிருந்து பருமன் என்று பதியுங்கள். புணேயின் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனின் ஜான் யட்கினும் 2004-இல் வெளியிட்ட ஒப்பீடு இதன் காரணத்தை அழகாக விளக்குகிறது: இருவருக்கும் பிஎம்ஐ 22.3தான், ஆனால் உடற்கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். மெலிந்து தெரியும் நம் உடலிலும் கொழுப்பு கூடுதலாக இருக்கலாம் என்பதால், எடையை மட்டும் வைத்து யாரையும் ஒப்பீட்டுக் குழுவில் சேர்த்துவிட வேண்டாம்.

குடும்ப மரமும் வேலையும்

மூன்று தலைமுறைக்குக் குறையாமல் குடும்ப மரம் வரையுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், உறவுக்குள் திருமணம் என்றால் இரட்டைக் கோடு. தமிழில் அத்தை, சித்தி, பெரியம்மா போன்ற சொல் ஒவ்வொன்றும் ஒன்றுக்கு மேற்பட்ட உறவைக் குறிக்கலாம் என்பதால், உறவுமுறைச் சொல்லோடு அவர் யார் வழி உறவு என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டால்தான் மரம் பிழையின்றி வரும். "சொந்தத்தில் கட்டினீர்களா, அந்நியத்திலா?" என்று இயல்பாகக் கேளுங்கள், அந்தக் கேள்வியில் குற்றம் சாட்டும் தொனி சிறிதும் இருக்கக் கூடாது. எடை எந்த வயதில் ஏறத் தொடங்கியது என்பதோடு, பிறந்தபோது குழந்தை துவண்டு கிடந்து பால் குடிக்கச் சிரமப்பட்டதா என்றும் தாயிடம் கேட்க வேண்டும். ஆம் என்றால் பிராடர்-வில்லி என்ற மரபுசார் நோய்க்குறித் தொகுப்பை நினையுங்கள், அதற்கு டிஎன்ஏவில் ஒட்டியிருக்கும் மெத்தில் வேதிக்குறிகளைப் பார்க்கும் மெத்திலேற்றப் பரிசோதனையே முதலில் செய்ய வேண்டியது. கூடுதல் விரலும் மாலைக்கண்ணும் இருந்தால் பார்டெட்-பீடில் என்ற இன்னொரு மரபுசார் நோய்க்குறித் தொகுப்பாக இருக்கலாம்.

உடலுழைப்பைப் பற்றிய ஆயத்த வினாத்தாள்கள் இங்கே பொருந்துவதில்லை. செவ்வாய்ப்பேட்டையின் கொலுசுப் பட்டறையில் நாள் முழுவதும் சம்மணமிட்டு இருப்பவரும், விசைத்தறியில் ஒரு ஷிஃப்டு முழுவதும் நின்று நடப்பவரும், ஏற்காட்டின் காப்பித் தோட்டச் சரிவில் கூடை சுமந்து ஏறுபவரும் "உடற்பயிற்சி இல்லை" என்றே பதில் சொல்வார்கள். வேலையின் பெயரையும் நேரத்தையும் நிலையையும் தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள்.

சேர்வராயன் மலையின் மலையாளி பழங்குடியினரைச் சமவெளி மக்களோடு ஒரே தொகுதியாகக் கலந்து கணக்கிட வேண்டாம். அவர்கள் நெடுங்காலமாகத் தமக்குள்ளேயே மணம் செய்பவர்கள் என்பதால் சில மாறுபாடுகள் அவர்களிடம் அரிதாகவும் சில மிகுதியாகவும் இருக்கக்கூடும். மலையில் உழைப்பால் மெலிந்தவர்கள் அதிகமாகவும், ஏதோ ஒரு மாறுபாடு அங்கே தற்செயலாக அரிதாகவும் இருந்தால், கலந்த கணக்கில் அந்த மாறுபாடே பருமனுக்குக் காரணம் என்று பொய்யாகத் தோன்றும்.

ஒப்புதலும் ரத்த மாதிரியும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகளின்படி நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைக்கும்வரை ஒரு சொட்டு ரத்தமும் எடுக்கக் கூடாது. ஒப்புதல் படிவத்தை மலையில் பேசும் பேச்சுக்கு ஏற்றபடி எளிய தமிழில் எழுதி, படிக்கத் தெரியாதவருக்கு ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி முன்னிலையில் படித்துக் காட்டுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் அனுமதி கேட்பது மரியாதை. ஆனால் அது தனி மனிதரின் சம்மதத்துக்கு ஈடாகாது. பெற்றோர், பிள்ளை உறவு பற்றிய எதிர்பாராத உண்மை மரபணுப் பரிசோதனையில் தெரியவரக்கூடும் என்பதால், எந்த முடிவைச் சொல்வோம், எதைச் சொல்லமாட்டோம் என்பதை முன்கூட்டியே எழுதிவிட வேண்டும்.

ரத்தத்தை ரத்தம் உறையாமல் காக்கும், ஊதா மூடி போட்ட இடிடிஏ குழாயில் எடுத்து, மெதுவாகப் பலமுறை கவிழ்த்துக் கலந்து, பெயரோடு இன்னோர் அடையாள எண்ணையும் ஒட்டி, ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வரும் வண்டியில் குழாய்கள் நிமிர்ந்தே இருக்க வேண்டும்.

பராமரிப்பின் தரத்தை அளப்பது

மருத்துவப் பராமரிப்பின் தரத்தை ஆராய்ந்த ஆவெடிஸ் டொனபீடியன் 1966-இல் வகுத்த அமைப்பு, செயல்முறை, விளைவு என்ற மூன்று கோணங்கள் இன்றும் போதுமானவை. அமைப்பு என்றால், கனமானவரைத் தாங்கும் கட்டிலும் சக்கர நாற்காலியும் பெரிய ரத்த அழுத்தப் பட்டையும் இருக்கின்றனவா என்பது. பட்டையைச் சிறிய விஷயமாக எண்ணாதீர்கள். சாதாரணப் பட்டை 27 முதல் 34 செ.மீ. வரை சுற்றளவுள்ள கைக்கானது, 38 செ.மீ. கையில் அதைக் கட்டினால் அழுத்தம் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும், அவருக்குத் தேவையில்லாத மாத்திரை வாழ்நாள் முழுவதும் தொடரும். செயல்முறைக்கு, ஒரு மாதத்தில் சேர்ந்தவர்களின் ஐம்பது கேஸ் ஷீட்டுகளை வரிசை மாறாமல் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் உயரமும் எடையும் உண்மையாக அளக்கப்பட்டனவா, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் போன்ற மருந்துகள் அந்த எடைக்கேற்பத் தரப்பட்டனவா, அறுவை சிகிச்சைக்கு முன் குறட்டையும் உறக்கத்தில் மூச்சு நின்றுபோவதும் விசாரிக்கப்பட்டனவா என்று பாருங்கள். விளைவுக்கு, படுக்கைப் புண், காயத்தில் சீழ், முப்பது நாளுக்குள் மீண்டும் சேர்க்கை ஆகியவற்றை எண்ணினால் போதும்.

இவற்றோடு, பணியாளர்கள் தம்மிடம் எப்படிப் பேசினார்கள் என்று நோயாளியைத் தனியே கேளுங்கள். "வாயைக் கட்டத் தெரியாதா?" என்ற ஒரு கேள்விக்கு ஆளாகி வீடு திரும்பியவர், அடுத்த முறை மார்வலி வந்தாலும் மருத்துவமனைக்கு வரத் தயங்குவார். இரட்டையர் ஆய்வுகள் மனிதர்களுக்கிடையே உள்ள எடை வேறுபாட்டில் 40 முதல் 70 சதவீதம் மரபு சார்ந்தது என்று காட்டுவதைப் பணியாளர் கூட்டத்தில் விளக்குங்கள். அது ஒருவருடைய எடையில் இத்தனை பங்கு மரபு என்று பொருள்படாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு ஒரே ஒரு குறையை, உதாரணமாகப் பட்டையை, எடுத்துக்கொண்டு ஒரு வார்டில் மாற்றிப் பார்த்து, இரண்டு வாரம் எண்ணி, பயன் தெரிந்தால் அடுத்த வார்டுக்குக் கொண்டுபோங்கள். பெயர் சொல்லிக் குறை கூறத் தொடங்கினால் அடுத்த மாதமே பதிவேடு அழகாகவும் பொய்யாகவும் மாறிவிடும்.

முடிவைக் குடும்பத்திடம் சேர்ப்பது

லெப்டின் குறைபாடு உறுதியானால் லெப்டின் ஊசியால் பசி அடங்கி எடை குறையும் என்பதைக் கேம்பிரிட்ஜ் குழு 1999-இல் காட்டியது. லெப்டின் ஏற்பி, பிஓஎம்சி போன்ற சில மரபணுக்களின் குறைபாடுகளுக்கு 2020-இல் அமெரிக்காவில் செட்மெலனோடைடு என்ற மருந்து அனுமதி பெற்றது. இவை இங்கே எளிதில் கைக்கு எட்டும் மருந்துகள் அல்ல என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனாலும் குழந்தை சோற்றுப் பானையைத் தேடிப் போவது வளர்ப்பின் குறையல்ல என்று மாமியார், கணவர், தாய் மூவரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்லும்போது, பல ஆண்டுகளாகப் பழி சுமந்த அந்தத் தாய்க்கு உடனே கிடைக்கும் நிம்மதியை வேறு எந்தச் சிகிச்சையும் தருவதில்லை. சொன்னதை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, ஏற்காட்டின் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காட்டும்படி கொடுத்து, அடுத்த எடைப் பதிவுக்கான தேதியை அதன் அடியில் குறித்துவிடுங்கள்.