கேம்கார்டருக்குச் சினிமா தோற்றம்: துணைக்கருவிகளில் பணம் வீணாகும் இடங்கள்

கேம்கார்டரில் எடுத்த காட்சியைப் பார்த்து "கல்யாண வீடியோ மாதிரி இருக்கு" என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் காரணம் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும். ஆளும் அவருக்குப் பின்னால் உள்ள சுவரும் ஒரே கூர்மையில் தெரியும். வெயிலில் நடப்பவரின் கை கால் அசைவு வெட்டி வெட்டித் தெரியும். முகத்தில் விளக்கு நேராக அடிக்கும். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். 'சினிமாட்டிக் கிட்' என்று இணையக் கடைகளில் விற்கும் மலிவுப் பெட்டியைத் திறந்தால் 0.45 மடங்கு வைடு லென்ஸ், 2 மடங்கு டெலி லென்ஸ், யுவி ஃபில்டர், கையடக்க ட்ரைபாட், குட்டி எல்இடி ஆகியவைதான் வழக்கமாக இருக்கும். மேலே சொன்ன நான்கில் ஒன்றைக்கூட இவை தீர்க்காது.

மங்கிய பின்னணியை மாட்டி வாங்க முடியாது

2016-இல் வந்த சோனி ஏஎக்ஸ்53 கேம்கார்டரை எடுத்துக்கொள்வோம். ஒளியைப் படமாக்கும் சென்சார் 1/2.5 அங்குல வகை. லென்ஸின் ஃபோக்கல் நீளம் 4.4 முதல் 88 மி.மீ. வரை, எஃப் எண் (சிறியதானால் அதிக ஒளி நுழையும்) 2.0 முதல் 3.8 வரை. எஃப் 2.0 என்றதும் பலர் மயங்கிவிடுகிறார்கள். ஃபுல் ஃப்ரேமோடு (35 மி.மீ. ஃபிலிம் அளவுச் சென்சார்) ஒப்பிட்டால் இந்தச் சென்சாரின் குறுக்களவு சுமார் 6 மடங்கு சிறியது. அதனால் வைடில், அதாவது ஸூம் செய்யாமல் அகலமாக எடுக்கும்போது, பின்னணி மங்கும் அளவைப் பொறுத்தவரை இந்த 2.0, ஃபுல் ஃப்ரேம் கேமராவின் எஃப் 12-க்குச் சமம். முகத்தை மட்டும் பிரித்துக் காட்ட அது போதாது.

ஆனால் இதே லென்ஸை இன்னொரு கணக்கில் பார்க்கலாம். ஃபோக்கல் நீளத்தை எஃப் எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் வாயின் அகலம் கிடைக்கும். வைடில் 4.4-ஐ 2.0-ஆல் வகுத்தால் 2.2 மி.மீ. முழு ஸூமில் 88-ஐ 3.8-ஆல் வகுத்தால் 23 மி.மீ. வாய் அகலமாக அகலமாகப் பின்னணி கரையும். தேடும் மங்கல் கேமராவிலேயே இருக்கிறது, ஸூமின் மறுமுனையில்.

ஆக, நெருங்கி நின்று வைடில் எடுப்பதை விடுங்கள். ஆளிடமிருந்து சுமார் 6 மீட்டர், அதாவது இருபது அடி தள்ளிப் போங்கள். தலை முதல் மார்பு வரை ஃப்ரேமில் நிறையும்படி ஸூம் செய்யுங்கள். ஆளைச் சுவரை ஒட்டி நிறுத்தாமல், பின்னால் குறைந்தது 5 மீட்டர் வெட்டவெளி இருக்கும்படி நிறுத்துங்கள். இந்த இருபது அடியை ஏற்றுக்கொண்ட பிறகுதான் வாங்கும் பட்டியலே தொடங்குகிறது. அந்தத் தூரத்தில் கேமராவைக் கையில் பிடிக்க முடியாது, கேமரா மேலிருக்கும் மைக்குக்குக் குரல் எட்டாது, கேமரா மேலிருக்கும் விளக்கு முகத்தைத் தொடாது.

2000-களின் பிற்பகுதியில் இதற்காகவே 35 மி.மீ. அடாப்டர்கள் வந்தன. புகைப்பட லென்ஸின் பிம்பம் ஒரு தேய்த்த கண்ணாடியில் விழும். அதைக் கேம்கார்டர் படம்பிடிக்கும். பிம்பம் தலைகீழாக வரும், ஒளி குறையும், கண்ணாடியில் ஒட்டும் தூசு திரையில் தெரியும். பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்தாலும் தொட வேண்டாம்.

ட்ரைபாட்: கால்களைப் பார்த்து வாங்குவது

உயரத்தையும் கால்களின் பளபளப்பையும் பார்த்து வாங்குகிறார்கள். வீடியோவுக்கு விலை கொடுக்க வேண்டியது தலைக்கு. புகைப்பட ட்ரைபாடின் தலையைத் திருப்பினால் முதலில் ஒட்டிக்கொள்ளும், பிறகு சட்டென விடும். அந்த வெட்டு, ஸூமில் பல மடங்காகத் தெரியும். 'ஃப்ளூயிட் ஹெட்' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். உள்ளே வெறும் கிரீஸ் தடவியிருக்கும் மலிவுத் தலைகளும் அதே பெயரில் விற்கின்றன.

கடையிலேயே சோதிக்கலாம். கேமராவை மாட்டி, கைப்பிடியில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி, அதைப் பிடித்து மெதுவாக இழுங்கள். நல்ல தலை நழுவுவதுபோல் கிளம்பும். கெட்டது காத்திருந்து துள்ளும். நிறுத்திய பிறகு சற்றே பின்னோக்கி வந்தால் அதுவும் குறைதான். பிறகு கேமராவை 30 டிகிரி முன்பக்கம் சாய்த்துக் கையை எடுங்கள். தலை குப்புற விழுந்தால் வேறு பாருங்கள்.

பேன் செய்யும்போது, அதாவது கேமராவைப் பக்கவாட்டில் திருப்பும்போது, ஒரு பொருள் ஃப்ரேமின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக ஏழு விநாடியாவது ஆகட்டும். விநாடிக்கு 25 ஃப்ரேமில் அதைவிட வேகமாகத் திருப்பினால் படம் துடிக்கும். ட்ரைபாடில் ஏற்றியதும் ஸ்டெடிஷாட்டை (சோனியின் நடுக்கம் குறைக்கும் வசதி) அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பேன் தொடங்கும்போது அது படத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, முடியும்போது தனியாக நகர்த்தும். நடுத்தண்டை உயர்த்தாமல் கால்களை நீட்டுங்கள். நடுத்தண்டுக் கொக்கியில் மணல் பையோ ஐந்து லிட்டர் தண்ணீர் கேனோ தொங்கட்டும்.

முழு ஸூமில் ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலே படம் அதிரும். ஏஎக்ஸ்53 போன்றவற்றுக்குச் சோனியின் மல்டி டெர்மினலில் செருகும் கம்பி ரிமோட் வேண்டும். 2.5 மி.மீ. முனையுள்ள, லேங்க் எனப்படும் பழைய வகை ரிமோட் இதில் ஏறாது. ஏமாறுவது அந்த முனையில்தான்.

வெயிலும் என்டி ஃபில்டரும்

மிகக் குறைவாக வாங்கப்படுவதும் மிக அதிகமாகத் தேவைப்படுவதும் என்டி ஃபில்டர்தான், லென்ஸுக்கு முன் மாட்டி ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி. 25 ஃப்ரேமில் எடுத்தால் ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒளி விழும் நேரம், 1/50 விநாடி இருக்க வேண்டும். அப்போதுதான் அசைவில் கண்ணுக்குப் பழகிய மெல்லிய இழுவை வரும். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/50-இல் ட்யூப் லைட்டும் துடிக்காது. அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வந்த கேமராவில் 25 ஃப்ரேம் இல்லாமல் 24, 30, 60 மட்டும் இருக்கலாம். அதிலும் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் பூட்டினால் நம்மூர் விளக்கில் துடிப்பு அடங்கும். 1/60-இல் விட்டால் அலையடிக்கும்.

நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100-க்கு 1/50 ஷட்டர் என்றால் எஃப் 22 தேவை. சிறிய சென்சாரில் எஃப் 5.6-ஐத் தாண்டினாலே ஒளியின் விளிம்பு விளைவால் (டிஃப்ராக்ஷன்) படம் மழுங்கத் தொடங்கும். இவ்வளவு ஒளியைச் சமாளிக்க ஆட்டோவில் விட்ட கேமரா ஷட்டரை 1/500-க்கும் மேலே ஏற்றும். கைவீச்சு வெட்டி வெட்டித் தெரிவது அதனால்தான். எஃப் 22-இலிருந்து எஃப் 4-க்குத் திறக்க 5 ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியைப் பாதியாக்கும்) ஒளியைக் குறைக்க வேண்டும். அதற்கு என்டி32. எஃப் 2.8 வேண்டுமென்றால் 6 ஸ்டாப், என்டி64. நிழலிலும் மாலையிலும் என்டி8 போதும். விலை குறைந்த கேம்கார்டர்களில் ஷட்டரை நாமே வைக்கும் வசதி இருக்காது. அப்போதும் என்டி பயன்படும், ஒளி குறையக் குறைய கேமரா தானாகவே 1/50-ஐ நோக்கி இறங்கி வரும். ஆட்டோ ஸ்லோ ஷட்டர் என்று மெனுவில் இருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லையேல் 1/25 வரை இறங்கி முகம் கரைந்துவிடும்.

ஒரே ஃபில்டரில் எல்லாம் முடியும் என்று மலிவு வேரியபிள் என்டி வாங்குவது அடுத்த தவறு. அது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரண்டு போலரைசர்கள். கடைசி வரை திருகினால் படத்தின் குறுக்கே கறுப்பாக எக்ஸ் வடிவம் விழும், வைடில் இன்னும் சீக்கிரம். விலை குறைந்ததில் 2 முதல் 5 ஸ்டாப் வரைதான் நம்பிப் பயன்படுத்தலாம். அதே பணத்துக்கு நிலையான என்டி8, என்டி16 இரண்டையும் வாங்கினால் 3, 4 ஸ்டாப் தனித்தனியாகவும், அடுக்கினால் 7 ஸ்டாப்பும் கிடைக்கும். அடுக்கும்போது வைடு முனையில் மூலைகள் இருண்டால் சற்று ஸூம் செய்தால் சரியாகும்.

அடர்த்தியான மலிவு என்டி, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து அகச்சிவப்பை உள்ளே விடும். கறுப்பு செயற்கை இழைத் துணி செம்பழுப்பாக மாறும். சபரிமலைக்கு மாலை போட்டவரின் கறுப்பு வேட்டி காவியாகத் தெரிந்தால் குற்றம் கேமராவின் மேல் அல்ல. வாங்கியதும் வெள்ளைத் தாளையும் கறுப்புத் துணியையும் வெயிலில் வைத்து, வொயிட் பேலன்ஸை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிற அமைப்பு) சூரியன் குறியில் பூட்டி, ஃபில்டரோடும் இல்லாமலும் எடுத்துப் பாருங்கள். தாளில் லேசான பச்சையோ மஞ்சளோ ஏறினால், ஃபில்டர் மாட்டிய பிறகு தாளைக் காட்டி வொயிட் பேலன்ஸ் வைத்தால் போய்விடும். துணியின் சிவப்பு அப்படிப் போகாது.

அளவில் ஏமாற வேண்டாம். லென்ஸ் வளையத்தில் வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட குறிக்குப் பக்கத்தில் இருக்கும் எண்தான் ஃபில்டர் அளவு. ஏஎக்ஸ்53-க்கு 55 மி.மீ. ஃபில்டரை 67 அல்லது 77 மி.மீ.யில் வாங்கி ஸ்டெப்-அப் வளையத்தால் மாட்டினால் அடுத்த கேமராவுக்கும் ஆகும். ஸ்டெப்-டவுன் வளையத்தால் சிறிய ஃபில்டரை மாட்டினால் மூலை கறுக்கும். வளையம் மாட்டியதும் கேமராவோடு வந்த ஹுட் பொருந்தாமல் போகலாம். கறுப்புச் சார்ட் தாளை மடித்து டேப் ஒட்டினால் ஹுட் ஆகிவிடும், மேட் பாக்ஸ் என்ற ஒளித்தடுப்புப் பெட்டி வாங்கும் செலவும் மிச்சம்.

குரல்

கேமரா மேலுள்ள ஷூ என்ற பொருத்தியில் மாட்டும் ஷாட்கன் மைக் ஒரு மீட்டர் வரை உருப்படியாக வேலை செய்யும். இருபது அடியில் அது அறையின் எதிரொலியைத்தான் எடுக்கும். காலர் மைக்கை மோவாய்க்குக் கீழே ஒரு சாண் தள்ளிக் குத்துங்கள். போயா பிஒய்-எம்1 போன்ற மலிவு மைக்கின் கம்பி 6 மீட்டர். நம் தூரத்துக்குக் கச்சிதம். அதிலுள்ள சுவிட்சைக் கேமரா பக்கம் தள்ளாமல் பதிவு செய்வதும், எல்ஆர்44 பேட்டரி தீர்ந்தது தெரியாமல் இருப்பதும் வழக்கமான விபத்துகள். இப்படிச் சுவிட்ச் இல்லாத, போனுக்கான சாதாரண காலர் மைக்கின் முனையில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும். கேம்கார்டருக்கு இரண்டு வளையம் உள்ளதுதான் சரி. தெரியாமல் மூன்று வளைய மைக் வாங்கியிருந்தால் தூக்கிப் போட வேண்டாம். நடிப்பவரின் சட்டைப் பையில் ஒரு போனை வைத்து, ஏர்பிளேன் மோடில், 48 கிலோஹெர்ட்ஸில் தனியாகப் பதிவு செய்து, தொடக்கத்தில் ஒரு கைத்தட்டல் கொடுத்தால் எடிட்டில் பொருத்திக்கொள்ளலாம்.

ஸ்பான்ஜ் உறை அறைக்குள் மட்டும். கடற்கரையிலும் மொட்டை மாடியிலும் ரோம உறை வேண்டும். மைக்கின் ஒலி அளவு ஆட்டோவில் இருந்தால் பேச்சு நிற்கும் ஒவ்வொரு முறையும் ஃபேன் சத்தம் மேலெழும். மேனுவலில் வைத்து உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லைத் தொடும்படி இறக்குங்கள்.

விளக்கு

கேமரா தலையில் மாட்டும் எல்இடி 1 மீட்டரில் கொடுக்கும் ஒளியில் 36-இல் ஒரு பங்குதான் 6 மீட்டரில் மிஞ்சும். தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால் இந்தக் கணக்கு. நெருக்கமாக இருந்தாலும் நெற்றி மின்னும், பின்சுவரில் நிழல் ஒட்டும். அதே பேனலை ஒரு ஸ்டாண்டில் ஏற்றி, ஆளுக்கு 45 டிகிரி பக்கவாட்டில், ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் தள்ளி, கண்மட்டத்துக்குச் சற்று மேலே வையுங்கள். முன்னால் ஓரடி தள்ளிப் பட்டர் பேப்பரோ வெள்ளைத் துணியோ தொங்கட்டும். மறுபக்கம் தெர்மாகோல் வைத்தால் நிழல் இளகும், கறுப்புச் சார்ட் வைத்தால் இறுகும்.

பேனல் வாங்கும்போது வாட்டை விட சிஆர்ஐயை (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதன் அளவு) பாருங்கள், 95-க்குக் குறைய வேண்டாம். குறைந்ததில் தோல் பச்சையடிக்கும், எடிட்டில் அதைத் துரத்தி முடியாது. ஒளியைப் பத்து சதவீதத்துக்கு இறக்கி, கேமராவில் 1/50-இல் பார்த்துத் துடிப்பு இருக்கிறதா என்று சோதியுங்கள். பல பேனல்கள் என்பி-எஃப் பேட்டரியில் ஓடும். ஹேண்டிகேமின் என்பி-எஃப்வி வேறு, பெயர் மட்டும்தான் நெருக்கம், ஒன்று மற்றதில் ஏறாது.

வாங்காமல் விடுபவை

ஃபாலோ ஃபோக்கஸ் (ஃபோக்கஸ் வளையத்தைத் திருப்பும் பல் சக்கரக் கருவி): கேம்கார்டர் வளையம் மோட்டாருக்குக் கட்டளை அனுப்பும் மின்வளையம், அதற்குத் தொடக்கமும் முடிவும் இல்லை. பல் சக்கரம் மாட்டிக் குறியிட்டாலும் அந்தக் குறிக்கு ஃபோக்கஸ் திரும்பி வராது. கிம்பல் (மோட்டாரால் கேமராவை ஆடாமல் பிடிக்கும் கைப்பிடி): சிறியவை மிர்ரர்லெஸ் உடலுக்கு ஏற்றவை, நீண்ட கேம்கார்டரில் திரையைத் திறந்ததும் சமநிலை போகும். வாங்கியே தீர வேண்டுமென்றால் பேட்டரி, கார்டு, திறந்த திரையோடு கடையில் சமன்செய்து பார்த்துவிட்டு வாங்குங்கள். லாக் (வெளிறிய நிறத்தில் பதியும் முறை) காட்சிகளுக்கான லட் (நிறம் மாற்றும் கோப்பு) தொகுப்புகள்: கேம்கார்டரின் 8 பிட் சாதாரணப் பதிவில் போட்டால் வானம் படிப்படியாக உடையும். படத்தை மென்மையாக்கும் டிஃப்யூஷன் ஃபில்டர் ஆசை இருந்தால் 1/8 அடர்த்தியில் நிறுத்துங்கள். சிறிய சென்சாரில் வைடில் எடுக்கும்போது ஃபில்டரின் துகள்களே புள்ளிகளாகத் தெரியக்கூடும்.

கார்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 100 மெகாபிட்டில் 4கே பதிவு செய்யச் சோனி யு3 வேக வகைக் கார்டு கேட்கும், 64 ஜிபியில் சுமார் 85 நிமிடம் பிடிக்கும். போலிக் கார்டு நிறைய உலவுகிறது. வாங்கிய அன்றே எச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருளால் முழுக் கொள்ளளவும் எழுதிப் படித்துப் பாருங்கள். 64 ஜிபி என்று அச்சிட்டது எட்டு ஜிபியில் நின்றால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் தெரிந்துவிடும்.